தவிட்டு மூட்டையும் கிக்குயூ புல்லும்

கோதுமைத் தவிடு குதிரைக்கு ஒருநாளும் கெடுதல் செய்யாது என்பது, நீலகிரியில் குதிரையோடு பழகிய பலரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் கருத்து. ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடுபவர்களிடம் பேசினாலும், கோடைப் பந்தயக் காலத்தில் லாயங்களில் வேலை பார்த்தவர்களிடம் பேசினாலும், கொள்ளு சூடு, புண்ணாக்கு மந்தம், மக்காச்சோளம் கொழுப்பு என்று ஒவ்வொரு தீவனத்துக்கும் ஏதாவது ஒரு குறை சொல்வார்கள். தவிட்டுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். குளிர் அதிகமானால் வெந்நீரில் பிசைந்த தவிடு, வயிறு கட்டினால் உப்புப் போட்ட தவிடு, வேறு எதுவும் கையில் இல்லாவிட்டால் வெறும் தவிடு. கேத்திப் பக்கம் சித்தப்பாவின் தோட்டத்தில் இரண்டு மினியேச்சர் குதிரைகள் வந்து சேர்ந்ததிலிருந்து இந்தக் கருத்து என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தலுக்குக் காரணம் தவிடு மட்டுமில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குப் பாதிக் காரணம் எங்கள் காலடியிலேயே பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது.

இரண்டும் பெட்டைக் குதிரைகள். சமவெளியில் ஒரு பண்ணையிலிருந்து வந்தவை. மூத்ததற்கு ராணி என்றும் இளையதற்குச் சிட்டு என்றும் பெயர். மினியேச்சர் குதிரை என்றால் குட்டிக் குதிரை என்று நினைத்துக்கொண்டு, "இது எப்போது பெரிதாகும்?" என்று கேட்கும் விருந்தினர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள மினியேச்சர் குதிரைச் சங்கம் வகுத்த வரையறைப்படி, பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது; வளர்ந்து முடிந்த குதிரையின் உயரமே அவ்வளவுதான். உயரம் சிறிதாக இருப்பதைப் பார்த்து இரங்குவதாலோ என்னவோ, பார்க்கிறவர் எல்லோருக்கும் அதன் வாயில் எதையாவது வைக்கத் தோன்றுகிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டுக்குப் பஞ்சமா என்ன? கழுவும் இடத்தில் கழித்துப் போட்டவையே கூடை கூடையாகக் கிடைக்கும்.

ராணியின் நடையில் விறைப்புத் தெரியத் தொடங்கியபோதுதான் தீவனப் பேச்சு சூடு பிடித்தது. காலையில் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது முன்னங்கால்களை அளந்து அளந்து வைத்தது. சில நாள் இடது காலைத் தாங்கியது போலவும் சில நாள் வலது காலைத் தாங்கியது போலவும் இருந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பந்தய லாயங்களில் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக, இருந்தவர். அவர் இதைக் குளிர் என்றார். தவிட்டை இன்னும் ஒரு படி கூட்டி, வெந்நீரில் பிசைந்து வைக்க வேண்டும் என்றார். சித்தப்பா இதைச் சத்துக் குறைவு என்றார். பந்தயக் குதிரைகளுக்கான குச்சித் தீவனம் ஒரு மூட்டை வாங்கி வந்துவிட்டார். எனக்கு லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சியாக இருக்குமோ என்ற பயம். மினியேச்சர் குதிரைகள் குறைந்த உணவிலேயே கொழுத்துவிடும் உடம்பு கொண்டவை. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால் இரத்தத்தில் இன்சுலின் ஏறி, அதன் விளைவாகக் குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் திசு பழுதுபடும். ஆக, ஒரே நடைக்கு மூன்று பேரும் மூன்று காரணம் வைத்திருந்தோம்; அவற்றில் இரண்டு, தீவனத்தைக் கூட்டச் சொல்பவை.

கேரட் கொட்டகையின் தராசு

சித்தப்பா வாங்கி வந்த மூட்டையின் பின்பக்கத்தை நான் நிதானமாகப் படித்தேன். இப்படிப்பட்ட தீவன மூட்டைகளில் அச்சிட்டிருக்கும் வைட்டமின், துத்தநாகம், செம்பு அளவுகளெல்லாம், ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ள, தினமும் ஓடுகிற ஒரு குதிரை நாளுக்கு நாலைந்து கிலோ தின்னும் என்ற கணக்கில் வகுத்தவை. ஓட்டமே இல்லாத, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடையே உள்ள ஒரு குதிரைக்குச் சொன்ன விகிதத்தில் போட்டால் மாவுச்சத்து மிஞ்சும். மாவுச்சத்துக்குப் பயந்து ஒரு கைப்பிடி போட்டால், எதற்காக வாங்கினோமோ அந்தத் தாதுக்களும் வைட்டமின்களும் பேருக்குத்தான் போய்ச் சேரும். சிறிய குதிரைக்குப் பெரிய குதிரையின் தீவனத்தைக் குறைத்துப் போட்டால் போதும் என்று நினைப்பது சரிவராத இடம் இதுதான். சக்தியைப் புல்லே கொடுத்துவிடும். புல் கொடுக்காத சில கிராம்களை மட்டும் எப்படி உள்ளே அனுப்புவது என்பதுதான் மினியேச்சர் குதிரைக்கு உபதீவனம் தேர்ந்தெடுப்பவரின் முன்னுள்ள கேள்வி.

கிராமில் பேச வேண்டுமென்றால் முதலில் எடை தெரிய வேண்டும். மார்பைச் சுற்றி அளந்து எடை சொல்லும் நாடாக்கள் பெரிய குதிரைகளின் உடல்வாகுக்கு ஏற்பக் கோடு போட்டவை. குட்டைக் கால்களும் பீப்பாய் வயிறுமாக இருக்கும் இந்தக் குதிரைகளிடம் அவை தடுமாறும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுவதற்கு முன் நிறுத்தும் மேடைத் தராசு இருந்தது. ஒரு கேரட்டைக் காட்டியே இரண்டையும் அதன்மேல் ஏற்றிவிட்டோம். ராணி 90 கிலோவை ஒட்டி நின்றது. சிட்டு அதைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுதல். சைஸ் அண்ணன் அதுவரை ராணியைத்தான் கனத்த குதிரை என்று நம்பிக்கொண்டிருந்தார். மலைக்குளிருக்கு வளர்ந்த சடை மயிர் அப்படி ஏமாற்றுகிறது. மயிருக்குள் விரல்களை விட்டு விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: அழுத்தாமலே விலா தட்டுப்பட்டால் அளவான உடம்பு, அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. டெக்சாஸில் 1983ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட, ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போடும் ஹென்னெகே முறையும் கண்ணோடு கையையும் நம்பச் சொல்கிறது. சிட்டுவின் விலாவைத் தேடவேண்டியிருந்தது. கழுத்தின் மேல்விளிம்பும் சற்றுத் தடித்திருந்தது. விருந்தினர்களின் கேரட் போய்ச் சேர்ந்த இடம் அது.

எடை தெரிந்ததும் மற்றவை தாமாக வரிசைக்கு வந்தன. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007ஆம் ஆண்டு வெளியிட்ட குதிரை ஊட்டச்சத்து அளவுகளின்படி, வேலை செய்யாத, வளர்ந்த 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குக் கால்சியம் 20 கிராமும் பாஸ்பரஸ் 14 கிராமும் வேண்டும். ராணியின் எடைக்கு அது முறையே மூன்றரை கிராம் சொச்சமும் இரண்டரை கிராமும் ஆகிறது. உலர் எடையாகப் பார்த்தால், உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை புல்லோ உலர்புல்லோ போதும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் ஏழிலிருந்து ஒன்பது கிலோ. சாதாரண உப்பு ஒரு தேக்கரண்டி. இவ்வளவு சிறிய எண்களுக்கு நடுவில், அண்ணன் நாள்தோறும் வைத்துவந்த அரைக் கிலோ தவிடு தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"தீவனம் இருக்கட்டும்"

கால்நடை மருத்துவர் வந்த அன்று அவரிடம் சொல்வதற்காக ஆளுக்கொரு பட்டியல் தயாராக வைத்திருந்தோம். அவர் அதையெல்லாம் கேட்கும் அவசரத்தில் இல்லை. ராணியின் குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளங்கையால் சூடு பார்த்தார். குளம்புக்கு மேலே நாடி துடிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். கழுத்து விளிம்பைப் பிடித்துப் பார்த்தார். லாமினைட்டிஸுக்கான அடையாளம் இல்லை. பிறகு குதிரையின் எதிரில் நின்று, இரண்டு கட்டைவிரல்களாலும் கடைவாய்ப் பற்களுக்கு மேலே முக எலும்பை இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தார். அதை அவர் ஏன் செய்தார் என்று எங்களில் எவருக்கும் விளங்கவில்லை. சித்தப்பா தம் மூட்டையைக் காட்ட எடுத்து வந்தபோது, "தீவனம் இருக்கட்டுங்க, இது என்ன புல்லு?" என்று கேட்டு, வேலியோரம் குனிந்து ஒரு கொடியை வேரோடு இழுத்தார். இழுக்க இழுக்க முழ நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அது கிக்குயூ. கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியைச் சேர்ந்த புல்; மேய்ச்சலுக்கென்று கொண்டுவரப்பட்டு, இன்று நீலகிரியிலும் பழனி மலையிலும் தேயிலைத் தோட்டத்து ஓரங்கள், சாலைச் சரிவுகள், பங்களாப் புல்தரைகள் என்று படராத இடமில்லை. மாடுகளுக்கு அருமையான புல். குதிரைக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு என்று மருத்துவர் சொன்னார்: அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற வேதிப்பொருள், கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் அசையிரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் உணவு குடலுக்குப் போவதற்கு முன்பே ஆக்ஸலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்கு அந்தக் கால்சியம் கிடைத்துவிடுகிறது. குதிரைக்கு நுண்ணுயிர்கள் பெருமளவு இருப்பது பெருங்குடலில். கால்சியம் உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால், சிறுகுடலில். அங்கே கட்டுண்டு கிடக்கும் கால்சியம் அப்படியே கடந்து போய்விடும். ஒரு புல்லிலுள்ள கால்சியத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆக்ஸலேட் இருந்தால் அதைக் குதிரைக்கு அபாயமான புல்லாக எண்ண வேண்டும் என்பது பொதுவான விதி. கிக்குயூ அந்தப் பட்டியலில் இருக்கிறது. கால்நடைக்காரர்கள் விரும்பிப் போடும் நேப்பியர் புல் வகைகளும் அதில் உண்டு.

இதற்குப் பிறகு அவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் அண்ணனின் முகத்தை மாற்றியது: தவிடு வைக்கிறீர்களா? கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு. கால்சியம் அதில் பத்தில் ஒன்றுதான். குதிரையின் மொத்த உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மடங்காக இருந்தால் நல்லது. தவிடு அந்த விகிதத்தைத் தலைகீழாக்குகிறது. புல் ஒரு பக்கம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, தவிடு மறுபக்கம் பாஸ்பரஸைக் கொட்டுகிறது. உடம்பு இரத்தத்தில் கால்சியத்தைக் குறையவிடாது. எலும்பு என்ற சேமிப்பிலிருந்து எடுத்துச் சமன் செய்துவிடும். ஆகவே இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டக்கூடும். மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டே போனால் முதலில் நடை விறைக்கும், காலுக்குக் கால் மாறும் நொண்டல் வரும், மெல்லுவது சிரமமாகும். முற்றினால் முக எலும்பு சுரந்து வீங்கும். மாவு ஆலைகளில் வேலை செய்து தவிட்டையே தின்ற குதிரைகளுக்கு ஒரு காலத்தில் இது வழக்கமான நோயாக இருந்ததாம். அவர் கட்டைவிரல்களால் தேடியது அந்த வீக்கத்தை. ராணிக்கு அது இல்லை. "இது அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் புல்லுக்கு இந்தத் தவிடு ஆகாது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போன பிறகும் அந்தக் கேள்வியின் வரிசையை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். குளிர், சத்துக்குறைவு, லாமினைட்டிஸ் என்று நாங்கள் மூவரும் வாதாடிய நாட்களில் எங்கள் பேச்சு முழுவதும் தொட்டியில் என்ன இருக்கிறது என்பதைச் சுற்றியே இருந்தது. உணவில் பெரும்பங்காக இருக்கும் புல்லை எவரும் உணவாகவே எண்ணவில்லை. அது தரை, காட்சி, விருந்தினர்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடம். பெரும்பங்கு எது என்று தெரியாமல் அதற்கு ஈடுசெய்யும் சிறுபங்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது தெரிந்த பிறகு தேர்ந்தெடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

கிராம் கணக்கு

தவிட்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்களுக்குப் புதிய உணவு பழக அவகாசம் வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் என்று படிப்படியாகத்தான் எதையும் மாற்ற வேண்டும். அதன் இடத்தில் உலர்ந்த குதிரைமசால் வந்தது. கோவைப் பக்கம் நன்றாக விளையும் இந்தப் பயறுவகைத் தீவனத்தில் கால்சியம் உலர் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேலேயே இருக்கும். ராணிக்கு முந்நூறு, நானூறு கிராம் கொடுத்தால் ஒரு நாளைய தேவை ஏறக்குறைய அதிலேயே அடங்கிவிடும். அளவு கூடினால் புரதமும் சக்தியும் கூடிச் சதை போடும் என்பதால் சிட்டுவுக்கு அதில் பாதிதான்; மீதிக்குக் கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் தூள். பத்து கிராம் கால்சைட்டில் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கால்சியம் உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு மாற்றாகாது. அது வாயைப் புண்ணாக்கிவிடும். கால்சைட்டைக் கோழித் தீவனம் அரைக்கும் இடத்தில் சில்லறையாக வாங்கவும் கூடாது. கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து, கோழியும் மாடும் தாங்குகிற அளவில் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராமே உயிரைக் குடிக்கக்கூடும். 90 கிலோ குதிரைக்கு எவ்வளவு துளி போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த மாவுத் தூசு ஒட்டிய சாக்குகூட வீட்டுக்குள் வர மனம் ஒப்பாது.

கொள்ளைப் பற்றிச் சித்தப்பா கேட்காமல் இருப்பாரா? "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியைச் சொல்லி, சிட்டு கொழுத்திருப்பதால் அதற்குக் கொள்ளு போடலாமே என்றார். பழமொழி மனிதருக்கு. கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதமும் பாதிக்கு மேல் மாவுச்சத்துமாக இருக்கிறது; வண்டி இழுத்த குதிரைகளுக்கும் பந்தயக் குதிரைகளுக்கும் அது கைகொடுத்ததில் வியப்பில்லை. கால்சியமும் பாஸ்பரஸும் அதில் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் தவிட்டைப் போல் விகிதத்தையும் குலைக்காது. ஆனாலும் புல்வெளியில் நின்று குழந்தைகளிடம் கொஞ்சல் வாங்குவதைத் தவிர வேறு வேலை இல்லாத குதிரைக்கு அந்தச் சக்தி எங்கே போய்ச் சேரும்? எனவே கொள்ளு வேண்டாம் என்று முடிவானது. குச்சித் தீவன மூட்டை, சவாரிக் குதிரை வைத்திருக்கும் ஒருவருக்குப் போயிற்று. நாளெல்லாம் ஏரியைச் சுற்றும் அந்தக் குதிரைகளுக்கு அது பொருத்தம்.

சிட்டுவை இளைக்க வைப்பதுதான் இதில் கத்திமேல் நடை. கொழுத்த மாட்டையோ நாயையோ போல இரண்டு நாள் பட்டினி போட்டுவிட முடியாது. மினியேச்சர் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் கழுதைகளும் திடீரென்று உணவு குறைந்தால் உடம்பிலுள்ள கொழுப்பைக் கட்டுமீறி இரத்தத்தில் இறக்கிவிடும். ஈரல் அதைச் சமாளிக்க முடியாமல் திணறி, தீனியை முற்றிலும் வெறுத்து, சில நாட்களிலேயே இறந்துபோகவும் கூடும். கொழுத்ததும் சினையாக இருப்பதும் பால் கொடுப்பதும் இந்த ஆபத்தில் முதலில் நிற்பவை. ஆகவே தீனியின் மொத்த அளவைக் குறைக்கவில்லை. மேயும் நேரத்தைச் சுருக்கி, அதற்கு ஈடாக உலர்புல்லைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்துபோன பிறகு பிழிந்து வைக்கிறோம். கேரட்டைப் பொறுத்தவரை விருந்தினர்களோடு சண்டை போடும் தெம்பு எனக்கில்லை. ஒரு நாளைக்கான கேரட்டைக் காலையிலேயே எடை போட்டு, நீளவாக்கில் மெல்லிய குச்சிகளாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுகிறோம். கிண்ணம் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். வட்ட வில்லைகளாக நறுக்கினால் இந்தச் சின்னத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ராணியின் நடையில் மாற்றம் தெரிய மாதங்கள் ஆயின. இப்போது காலையில் தயங்குவதில்லை. திரும்பும்போதும் காலை அளந்து வைப்பதில்லை. தீவன மாற்றம்தான் காரணமா, இடையில் வெயில் காலம் வந்ததும் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மருத்துவரும் அடித்துச் சொல்லாததை நான் சொல்வது முறையில்லை.

தவிட்டை முழுக்க விலக்கிவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. கால்சைட் தூளுக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. வெறுமனே போட்டால் இரண்டு குதிரைகளும் அதைத் தொட்டியின் அடியில் அழகாக ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தன. ஒரு கைப்பிடித் தவிட்டில் வெந்நீர் தெளித்து, உப்பையும் கால்சைட்டையும் பிசைந்து வைக்கலாம் என்ற யோசனையை அண்ணன்தான் சொன்னார். ஐம்பது கிராம் தவிட்டில் வரும் பாஸ்பரஸ் அரை கிராம்; அதனோடு போகும் கால்சியம் நாலு கிராமை ஒட்டி. விகிதம் சரியாகத்தான் வருகிறது. தவிடு இல்லாமல் குதிரை வளர்ப்பதா என்ற அவருடைய மனக்குறையும் அதில் தீர்ந்தது.

இனி டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கிக்குயூ கருகும்போது கணக்கை மறுபடி போட வேண்டும். அப்போது கீழேயிருந்து வரும் உலர்புல்தான் பெரும்பங்கு. அது ஆக்ஸலேட் குறைந்த ரோட்ஸ் போன்ற புல்லாக அமைந்தால் கால்சைட்டைக் குறைத்துவிடலாம். பச்சைப் புல்லில் தாராளமாக இருந்த வைட்டமின் ஈ, உலர்புல்லில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட் வீதம் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். குளிருக்குச் சூடு தருவது உலர்புல்தான், அது பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் வெப்பம் வெந்நீர்த் தவிட்டில் கிடைக்காது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டினார், பனி விழட்டும், பார்க்கலாம் என்றார்.